துறவு என்னும் தொட்டி

அடக்கம் என்ற அரும்பண்பைத் தனித்தனியாகக் கடைப்பிடித்தவர்கள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள். அதைச் சங்கம் வைத்து, விதிமுறை எழுதி, ஆண்டுதோறும் வெள்ளிக் கோப்பை கொடுத்து வளர்த்த பெருமை ஜப்பானில் அகாஹாமா என்னும் ஊருக்கு மட்டுமே உரியது.

வளைகுடாவை ஒட்டிய அந்த ஊரில் நல்ல சிவப்புக் களிமண் கிடைக்கிறது. அதைப் பிசைந்து, மெருகு எதுவும் பூசாமல் சூளையில் சுட்டு, போன்சாய் மரங்களுக்குத் தொட்டி செய்கிறார்கள். எது நல்ல தொட்டி என்று அங்கே யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். பார்க்கிறவன் கண் நேராக மரத்துக்குப் போக வேண்டும். கீழே தொட்டி ஒன்று இருந்தது என்பதே வீடு திரும்பிய பிறகு அவனுக்கு நினைவு இருக்கக் கூடாது. இப்படித் தன்னை மறைத்துக்கொள்ளும் தொட்டியைச் செய்கிறவர்களும் விற்கிறவர்களும், தாங்கள் மட்டும் மறைந்து போய்விடக் கூடாதே என்ற கவலையில் தொடங்கியதுதான் 'அகாஹாமா மெருகிலாத் தொட்டி மேன்மைச் சங்கம்'.

சங்கத்தின் செயலாளர் ஹச்சியா. ஐம்பத்தெட்டு வயது. கூட்டத்தின் காற்றைப் படிப்பதில் அவருக்கு ஈடு அந்த வட்டாரத்திலேயே கிடையாது. அறைக்குள் நுழைந்து செருப்பை மாற்றிக்கொள்வதற்குள், இன்று எல்லோரும் எதை ஒப்புக்கொள்ளப் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். உடனே அதையே தன் சொந்தக் கருத்தாகவும் ஆக்கிக்கொள்வார். வாழ்நாளில் அவர் யாரையும் மறுத்துப் பேசியதில்லை. அதனால் அவரை யாரும் வெறுத்ததில்லை. அதிகம் கவனித்ததும் இல்லை. அகாஹாமா இலக்கணப்படி பார்த்தால் அவரே ஒரு நல்ல தொட்டி.

சங்கத் தலைவர் ஷிரோகானே வங்கிக் கிளையொன்றின் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தொட்டிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காததால்தான் தலைவரானார். ஆனால் மனிதர் நேர்மையானவர். தலைவர் பதவிக்கு வந்தவன் தொழிலையும் கற்க வேண்டும் என்று நினைத்து, இலையுதிர் காலம் முழுவதும் வீட்டுக் கொட்டகையில் மண்ணோடு மல்லுக்கட்டி, ஒரே ஒரு தொட்டி செய்தார். அதைத் துணியில் சுற்றி, மரப்பெட்டியில் வைத்து, புத்தாண்டுக்குப் பிந்திய முதல் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார்.

அடுப்பின் மேல் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. உறுப்பினர்கள் அரிசி வறுவலைச் சத்தம் வராமல் கடித்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் பெட்டியைத் திறந்தார். நீள்சதுரமான, கருஞ்சிவப்புத் தொட்டி. மூலைகள் கோணவில்லை. நான்கு கால்களும் தரையில் பதிந்தன. முதல் முயற்சிக்கு உண்மையிலேயே பரவாயில்லை.

உதவித் தலைவர் கட்டாகிரி அதை முதலில் கையில் எடுத்தார். நாற்பது வருடமாகத் தொட்டி செய்கிறவர். தொட்டியின் சுவரைத் தடவினார், விளிம்பைத் தட்டிப் பார்த்தார், தொட்டிக்காரர்கள் எல்லோரும் செய்வது போலக் கடைசியில் தலைகீழாகத் திருப்பினார். திருப்பியவர் அப்படியே நின்றார். பிறகு மெல்ல நிமிர்த்தி, குனிந்து வணங்கி, பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார்.

அவரும் திருப்பினார், அவரும் நின்றார், அவரும் வணங்கினார். தொட்டி கைமாறிக் கைமாறி மேசையைச் சுற்றி வந்தது. ஹச்சியா கைக்கு வந்தபோது அவரும் பார்த்தார். தண்ணீர் வடிய வேண்டிய துளை இருக்க வேண்டிய இடத்தில் தலைவரின் முத்திரை மட்டும் இருந்தது. அடிப்பாகம் சப்பாத்திப் பலகை போல வழவழவென்று, ஒரு ஊசிமுனை ஓட்டைகூட இல்லாமல் மூடிக் கிடந்தது.

கெட்டில் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு? மறைக்காம சொல்லுங்க," என்றார் தலைவர்.

கட்டாகிரி தொண்டையைச் செருமினார். "அடிப்பாகம் ரொம்ப முழுமையா இருக்கு, தலைவரே."

"ஒண்ணும் குறை சொல்ல இடமே இல்ல," என்றார் ஒரு வியாபாரி. அது உண்மைதான். குறை சொல்ல இடம் வேண்டுமானால் அங்கே துளை இருந்திருக்க வேண்டும்.

"அடிப்பாகமா?" தலைவர் தொட்டியை வாங்கித் திருப்பினார். பார்த்தார். அவர் காது நுனி இரண்டும் சிவந்தன. ஏதோ சொல்வதற்காக வாயைத் திறந்தார்.

அறுபதைக் கடந்த ஒரு மனிதர் எல்லோர் முன்னிலும் வெட்கப்படப் போவதை ஹச்சியாவால் தாங்க முடியவில்லை. இரக்கம்தான். வேறொன்றுமில்லை. தன் வாழ்நாளிலேயே முதல் முறையாக, யாரும் கேட்காமல், அவர் ஒரு கருத்தைச் சொன்னார்.

"இது துளையைத் துறந்த தொட்டி."

அறையில் ஒரு பெருமூச்சு ஓடியது. இத்தனை பேரும் தேடிக்கொண்டிருந்த வாசல் அது.

"அப்படியா?" என்றார் தலைவர்.

"எனக்கு அப்படித்தான் பட்டுது."

தலைவர் எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லா முகங்களும் ஆமோதித்தன. தேநீரை ஒரு வாய் குடித்தார். "ஆமா," என்றார். "அப்படித்தான்."

'துறவு' என்று தொட்டிக்குப் பெயர் வைக்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஜூன் மாதக் கண்காட்சியின் நடு மேடையில் அது இடம்பெறும் என்றும், அதுவரை விஷயம் இரகசியமாகக் காக்கப்படும் என்றும் முடிவானது. இரகசியம் ஒரு சொட்டும் கசியவில்லை. கசிய வழியில்லாததுதான் அந்தத் தொட்டியின் சிறப்பே. தண்ணீர் எங்கே போகும் என்று பார்வையாளர் யாராவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஆராய ஒரு 'கேள்வி பதில் துணைக்குழு' அமைக்கப்பட்டது. அது பலமுறை கூடி, அப்படி ஒரு கேள்வி எழாது என்று பரிந்துரைத்தது. மறுநாள் தன் பட்டறைக்குப் போன கட்டாகிரி, விற்பனைக்கான தொட்டிகளில் வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிய துளைகளாகப் போட்டார் என்று கேள்வி.

தொட்டி இருக்கிறது, மரம் வேண்டுமே. பிப்ரவரிக் கூட்டத்தில் தலைவர் அதைப் பற்றிக் கேட்டதும், நல்ல மரம் வைத்திருந்த உறுப்பினர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். ஒருவரது மரத்துக்கு உடம்பு சரியில்லை. இன்னொருவரது மரம் இடம் மாறினால் முகம் சுளிக்கும். மூன்றாமவர் தன் மரம் கூச்ச சுபாவம் உடையது என்றார். பிறகு எல்லோரும் ஹச்சியாவைப் பார்த்தார்கள். அவர் காற்றைப் படித்தார். அதில் அவர் மனைவியின் பைன் மரம் இருந்தது.

ஹச்சியாவின் மனைவி சுமியே மழலையர் பள்ளியில் சமையல் வேலை பார்க்கிறவள். கல்யாணமான மறுவருடம் கடற்கரையில் பொறுக்கிய காயிலிருந்து விதை எடுத்து, முளைக்க வைத்து, இத்தனை காலமும் வளர்த்த கறுப்புப் பைன் அது. முழங்கால் உயரம். கடற்காற்றில் சாய்ந்து நிற்கும் பெரிய மரம் ஒன்று தூரத்தில் தெரிவது போலவே இருக்கும். கண்காட்சிக்கு வைக்க அவள் பலமுறை கேட்டிருக்கிறாள். உறுப்பினர் அல்லாதோர் மரத்துக்கு இடமில்லை என்பார்கள். உறுப்பினராகச் சேர்கிறேன் என்றால், ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் என்பார்கள்.

சுமியே அடுக்களையில் மட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"உன் மரத்தைச் சங்கத்துல கேக்குறாங்க," என்றார் ஹச்சியா.

"எதுக்கு? அடுப்புக்கு விறகு தீந்துபோச்சா?"

"கண்காட்சிக்கு. நடு மேடையில வைக்க."

அவள் கை நின்றது. "நடு மேடையிலயா? சும்மா சொல்லாதீங்க."

"தலைவரே கேட்டாரு. அவர் செஞ்ச தொட்டியில வைக்கணுமாம்."

"அவர் செஞ்சதா? நிக்குமா?"

"நாலு காலும் தரையில படுது."

"ஓட்டை ஒழுங்கா இருக்கா? பைன் மரம்ங்க அது. காலடியில ஈரம் தங்கிச்சுன்னா செத்துப்போயிடும். உங்களுக்குத் தெரியாததா?"

ஹச்சியா பொய் சொல்லத் தெரியாதவர். குறைந்தபட்சம் தனியாகச் சொல்லத் தெரியாதவர். ஆகவே உண்மையைச் சொன்னார். "ஓட்டை விஷயத்தைச் சங்கம் ரொம்ப ஆழமா விவாதிச்சிருக்கு."

"யாரு நடுறா?"

"கட்டாகிரி-சான்."

"அப்ப சரி. அந்தாளுக்குத் தொழில் தெரியும்." அவள் கையைத் துடைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். ஜன்னல் வழியாக ஹச்சியா பார்த்தார். பள்ளி விழாவுக்குக் குழந்தையைத் தயார் செய்வது போல, பழைய ஊசி இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மழலையர் பள்ளி முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது.

மார்ச் மாதம் சங்கக் கட்டடத்தில் கட்டாகிரி மரத்தை மாற்றி நட்டார். ஹச்சியா உடன் இருந்தார். மரம் ஆடாமல் இருக்க, அடித்துளை வழியாகக் கம்பியைக் கொடுத்து வேரோடு கட்டுவது வழக்கம். கட்டாகிரி கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கம்பி கட்டத் தீர்மானத்துல எங்கயாவது இடம் விட்டிருக்காங்களா, ஹச்சியா-சான்?"

கட்டாகிரி ஒரு தட்டைக் கல்லைத் தேடி எடுத்து, அதில் கம்பியைச் சுற்றி, மரத்தைக் கல்லோடு கட்டி, மண்ணுக்கடியில் புதைத்தார்.

"நீங்க ஏன் அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டார் ஹச்சியா.

"நான் உதவித் தலைவர். தலைவருக்கு உதவணும்ல? நீங்க ஏன் சொல்லல?"

"நான் செயலாளர்."

"அதுவும் சரிதான். செயல் உங்களுது. சொல் யாருதோ." கட்டாகிரி மண்ணை அழுத்தினார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் இருவரும் சங்கக் கட்டடத்தில் சந்தித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தொட்டியைச் சாய்த்து, தேங்கிய தண்ணீரை வடித்தார்கள். வருகைப் பதிவில் இதற்கு 'நீர்மட்ட மரியாதை' என்று பெயர். இரண்டு பேருமே இடுப்பில் வலிப் பட்டை ஒட்டிக்கொண்டார்கள். மே மாதம் முடிவதற்குள் கட்டாகிரியின் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதன் பிறகு ஹச்சியா தனியாகச் சாய்க்கப் பார்த்தார், அசைந்தது, சாயவில்லை. ஒரு கிண்ணத்தால் முகந்து ஊற்றினார். மேலே நின்ற நீர் வந்தது. அடியில் நின்றது வரவில்லை.

"என் மரம் எப்படி இருக்கு?" என்று சாயங்காலம்தோறும் சுமியே கேட்டாள். திறப்பு விழா வரை வெளியார் உள்ளே வரக் கூடாது என்பது விதி. அவள் வெளியார்.

"நல்லாக் குடிக்குது," என்றார் ஹச்சியா.

ஜூன் பிறந்தது. மழைக்காலம் தொடங்கியது. ஊசி இலைகளின் பச்சை முதலில் மங்கியது. பிறகு நுனிகளில் மஞ்சள் ஏறியது. ஹச்சியாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் காலை துணிந்து, குடையை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்கே போனார். போகும் வழியெல்லாம் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். 'தலைவரே, அந்தத் தொட்டிக்கு ஒரு ஓட்டை போடணும்.' சின்ன வாக்கியம்தான்.

ஷிரோகானே அவரை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்.

"என்ன விஷயம், ஹச்சியா-சான்?"

ஹச்சியா தோட்டத்தைப் பார்த்தார். "இந்த மழைக்கு உங்க வீட்டு ஹைட்ரேஞ்சா நல்லாப் பூத்திருக்கு."

"ஆமா. வேற ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல, தலைவரே."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

தலைவர் வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஏனோ, தளர்ந்தது போல மூச்சு விட்டார். "சரி, போயிட்டு வாங்க," என்றார்.

திறப்பு விழா அன்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மழையும் படைப்பில் பங்கேற்க வேண்டும் என்று டோக்கியோவிலிருந்து வந்திருந்த கலை விமர்சகர் மினாசே கேட்டுக்கொண்டதால், 'துறவு' முற்றத்தில் திறந்தவெளி மேடையில் வைக்கப்பட்டிருந்தது. தண்ணீர் விளிம்பு வரை நின்றது. அதன் மேல் மழைத்துளிகள் வட்டம் போட்டன. மினாசே தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்தியவர். காலணி மட்டும் வெள்ளை.

"பாருங்கள், மரம் பூமியில் நிற்கவில்லை. தன் பிம்பத்தின் மேல் நிற்கிறது," என்றார் அவர். உறுப்பினர்கள் குடைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார்கள். "இலைகளில் இந்த மஞ்சள் எப்படி வந்தது? இப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததே இல்லை."

"அது துணைக்குழுவோட முயற்சி," என்றார் ஒரு வியாபாரி.

அப்போது சுமியே வந்தாள். விழாவுக்கென்று நல்ல கிமோனோ உடுத்தியிருந்தாள். மழலையர் பள்ளிச் சமையலறையிலிருந்து தோழிகள் இருவரை அழைத்து வந்திருந்தாள். அவள் கண் நேராக மரத்துக்குப் போனது. சிரித்த முகம் அப்படியே நின்றுவிட்டது. மேடையருகே போய், தண்ணீருக்குள் விரலை விட்டு மண்ணைக் கிளறி, விரலை முகர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, தண்ணி எந்த வழியா வெளிய போகும்?"

எழாது என்று பரிந்துரைக்கப்பட்ட கேள்வி எழுந்துவிட்டது. துணைக்குழு வானத்தைப் பார்த்தது. ஹச்சியா தன் காலணியைப் பார்த்தார்.

மினாசே கனிவோடு முன்வந்தார். "அம்மா, அது ஏன் வெளியே போகணும்னு நினைக்கிறீங்க?"

"மரம் மூழ்கிச் சாகாம இருக்கத்தான்."

அவள் கிமோனோ கைகளைச் சுருட்டிக்கொண்டு தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். தோழிகள் இருவரும் மறுபக்கம் பிடித்தார்கள். தினமும் பெரிய பெரிய சோற்றுப் பானைகளைத் தூக்குகிற பெண்கள். தொட்டி சாய்ந்தது. பல நாள் தேங்கிய கறுத்த தண்ணீர் நாற்றத்தோடு மேடையிலிருந்து இறங்கி, வெள்ளைக் காலணிகளை நிறைத்துக்கொண்டு போனது. யாரும் தடுக்கவில்லை. தடுப்பதென்றால் யாராவது முதலில் பேச வேண்டுமே.

சுமியே மரத்தை வேரோடு தூக்கினாள். அடியில் கம்பியில் கட்டிய கல் நங்கூரம் போலத் தொங்கியது. வேர்கள் கறுத்து வழுவழுத்திருந்தன. அவள் கல்லைப் பார்த்தாள், கட்டாகிரியைப் பார்த்தாள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வணக்கமா வலியா என்று தெரியவில்லை. பிறகு அவள் காலியான தொட்டிக்குள் கையை விட்டு அடியைத் தடவினாள்.

"இவ்வளவு பேர்ல ஒருத்தர்கூடவா பாக்கல?" என்றாள். குரல் உயரவில்லை.

பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

"கோட்டைக் கழட்டிக் கொடுங்க."

ஹச்சியா கழற்றிக் கொடுத்தார். அவள் வேர்களை அதில் சுற்றினாள். வாசல் வரை போய், ஒரு முறை திரும்பி, வருகிறாரா என்று பார்த்தாள். ஹச்சியா ஓரடி எடுத்தும் வைத்தார். அதற்குள், அவசரக் கூட்டம், எல்லோரும் உள்ளே வாருங்கள் என்று தலைவர் அழைத்தார். செயலாளர் இல்லாமல் கூட்டம் கூட முடியாது. தோழிகளோடு அவள் வந்திருந்த பள்ளி வேன் கிளம்பிப் போகும் சத்தம் மழையில் கேட்டது.

அறைக்குள் எல்லோரும் ஈரமாக உட்கார்ந்தார்கள். ஷிரோகானே உட்காரவில்லை.

"நான் ஒண்ணு சொல்லணும். நான் எதையும் துறக்கல. துளை போட மறந்துட்டேன். அன்னைக்கு இதே அறையில திருப்பிப் பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது. சொல்லலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க எல்லாரும் இவ்வளவு அழகாப் பேசிட்டீங்க. சரி, நான் கத்துக்குட்டி, இவங்க தொழில்காரங்க, நாளைக்கு யாராவது ஒருத்தர் தனியா வந்து சொல்லிடுவாங்கன்னு காத்திருந்தேன். இவ்வளவு நாளும் காத்திருந்தேன். ஒருவேளை யார் கண்ணுலயுமே படலையோ என்னமோ. அதையாவது தெரிஞ்சுக்கணும். துளை இல்லைங்கிறதை முதல் நாளே கவனிச்சவங்க இருந்தாக் கை தூக்குங்க."

ஹச்சியா காற்றைப் படித்தார். அது திசை மாறியிருந்தது. இத்தனை நாள் துளையைக் காணாதிருப்பது மரியாதை. இனிமேல் கண்டிருப்பதுதான் திறமை. இவ்வளவு பெரிய குறையைப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டால் நாளைக்கு ஊரில் யார் மதிப்பார்கள்? அவர் கைதான் முதலில் எழுந்தது. அதைப் பார்த்துக் கட்டாகிரி தூக்கினார். வியாபாரிகள் தூக்கினார்கள். துணைக்குழு மொத்தமாகத் தூக்கியது. 'எங்க கண்ணுக்குத் தப்புமா' என்ற அடக்கமான பெருமிதம் மேசையைச் சுற்றி ஒளிர்ந்தது.

ஷிரோகானே உயர்ந்திருந்த கைகளைப் பார்த்தார். தன் கையையும் மெல்லத் தூக்கினார்.

சுமியே மரத்தைத் தன் பழைய தொட்டிக்கு மாற்றி, அழுகிய வேரைக் களைந்து, நிழலில் வைத்து, கோடை முழுக்கப் பார்த்துக்கொண்டாள். இறந்தோரை வழிபடும் ஆகஸ்ட் திருநாளுக்குள் ஊசி இலைகள் அத்தனையும் செங்கல் நிறமாகிவிட்டன. அதன் பிறகு அவள் ஹச்சியாவிடம் சாயங்காலத்தில் எதையும் கேட்பதில்லை.

அகாஹாமாவின் அறிவுக்கூர்மையை இதற்கு மேல் நான் புகழ வேண்டியதில்லை. மற்ற ஊர்களில் ஒரு நல்ல மரத்தைச் சாகடிக்க விவரம் தெரியாத ஒருவனாவது தேவைப்படுகிறான். அங்கே அப்படி ஒருவன்கூடத் தேவைப்படவில்லை. எல்லாம் தெரிந்தவர்களே ஏகமனதாகச் செய்து முடித்தார்கள்.